ஷாம்பெயின் நாட்டுக்குப் பயணம்: ரான்ஸ், எபெர்னே, திராட்சைக் கிராமங்கள் – முழுமையான வழிகாட்டி

ஷாம்பெயின் என்பது பிரான்ஸின் வடகிழக்கில் உள்ள ஒரு பகுதி; அங்கே தயாராகும் நுரைக்கும் ஒயினுக்கும் அதே பெயர். பாரிஸிலிருந்து காலை ரயிலில் கிளம்பி, நான்கு ஷாம்பெயின் நிறுவனங்களின் நிலவறைகளைப் பார்த்துவிட்டு, இரவு பாரிஸுக்கே திரும்புவது. முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் போடும் திட்டம் இது. காகிதத்தில் சரியாகத்தான் தெரியும். போனால் சொதப்பும். ஒவ்வொரு சுற்றுலாவும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். நேரம் குறித்துத்தான் உள்ளே விடுவார்கள், ஐந்து நிமிடம் தாமதமானாலும் குழு கீழே இறங்கிவிடும். ஒவ்வோர் இடத்திலும் ஒன்று முதல் மூன்று கிளாஸ் ஊற்றுவார்கள். மூன்றாவது நிலவறைக்குப் போகும்போது எல்லாச் சுவரும் ஒரே மாதிரி தெரியும், நாக்கும் மரத்துப்போயிருக்கும்.

ஆகவே திட்டம் போடும்போது ஒரே ஒரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு இரண்டு இடம். ஒன்று பெரிய நிறுவனம், இன்னொன்று தானே பயிரிட்டுத் தானே தயாரிக்கும் சிறு விவசாயக் குடும்பம். இரண்டு இரவு, மூன்று நாள் இருந்தால் போதும். மாதம், ஊர், வண்டி எல்லாவற்றையும் இந்தக் கணக்கை ஒட்டியே முடிவு செய்யலாம்.

எந்த மாதம்

மே கடைசியிலிருந்து ஜூன் முடியும் வரை சிறந்த காலம். கொடிகள் பச்சை பிடித்திருக்கும், இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், விவசாயிகளுக்கும் பேச நேரம் கிடைக்கும். ஏப்ரல் முதல் பாதியில் போனால் பார்க்கக் கிடைப்பது வெட்டிவிட்ட மொட்டைக் கொடிகளும் கம்பிகளும்தான். படங்களில் பார்த்த பச்சை மேடுகளைத் தேடி வந்தவர்கள் ஏமாந்துபோகும் மாதம் அது. அக்டோபர் நடுப்பகுதியில் இலைகள் மஞ்சளாகும். கூட்டமும் குறைவு. எங்கள் இரண்டாவது தேர்வு அதுதான்.

செப்டம்பர் அறுவடையைப் பார்க்கப் பலருக்கு ஆசை. அதிலுள்ள சிக்கலைத் தெரிந்துகொண்டு போங்கள். இங்கே இயந்திர அறுவடைக்கு அனுமதி இல்லை. குலைகளைக் கையால் முழுதாக வெட்ட வேண்டும். அதற்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பருவகாலத் தொழிலாளர்கள் வருவார்கள். அறைகள் நிரம்பிவிடும். சிறு விவசாயிகள் வீட்டில் பார்வையாளரை வரவேற்க ஆளே இருக்காது. பெரிய நிறுவனங்கள் மட்டும் வழக்கம்போல் திறந்திருக்கும். அறுவடை தொடங்கும் தேதியைக் கிராமத்துக்குக் கிராமம், திராட்சை வகைக்கு வகை தனித்தனியாக அறிவிப்பார்கள். வெயில் கடுமையான ஆண்டுகளில் ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே ஆறு மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிட்டு, அறுவடையைப் பார்ப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஜனவரி, பிப்ரவரியில் பல நிறுவனங்கள் மூடியிருக்கும், அல்லது வாரத்தில் சில நாள் மட்டும் திறக்கும். ஆகஸ்டில் விவசாயிகள் விடுமுறைக்குப் போய்விடுவார்கள். எந்த மாதமானாலும் ஞாயிற்றுக்கிழமையைக் கிராமங்களுக்கு ஒதுக்காதீர்கள். மே மாதத்தில் 1, 8 ஆகிய தேதிகளும் வியாழனில் வரும் கிறிஸ்தவ விடுமுறையும் சேர்ந்து நீண்ட வார இறுதிகளை உண்டாக்கும். அந்த நாள்களில் பாரிஸ்காரர்கள் மொத்தமாக வந்து இறங்குவார்கள்.

விசாவும் காகிதங்களும்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து, குறைந்தது 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை சென்னையில் சந்திப்பு நேரம் கிடைப்பது கடினம். மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் ரத்து செய்யக்கூடிய அறை, அடுத்து விசா, விசா கையில் வந்தபின் நிலவறை முன்பதிவு. நிலவறை டிக்கெட்டுகளில் பல பணம் திரும்பாதவை. அதை முதலில் வாங்கிவிட்டு விசாவுக்குக் காத்திருப்பது வீண் இடர்.

எந்த ஊரில் தங்குவது

ரான்ஸா, எபெர்னேயா? ரான்ஸ் பெரிய நகரம். கார் இல்லாதவர்களுக்கும் முதல்முறை வருபவர்களுக்கும் அதுவே வசதி. பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய தேவாலயம் அங்கேதான் இருக்கிறது. 1211 இல் கட்டத் தொடங்கியது. கடைசி முடிசூட்டு விழா 1825 இல் பத்தாம் சார்லுக்கு நடந்தது. 1914 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. பின்புறம் ஓவியர் ஷகால் வரைந்த நீலக் கண்ணாடிச் சாளரங்களை 1974 இல் பொருத்தினார்கள். நிலவறையில் ஆர்வமில்லாத ஒருவர் கூட வந்தால் அவருக்கும் ரான்ஸில் ஒரு நாள் எளிதாகப் போகும். தேவாலயம் தவிர சேன்-ரெமி பேராலயம் இருக்கிறது. 1945 மே 7 இல் ஜெர்மனி சரணடையக் கையெழுத்திட்ட அறையும் இங்கே காட்சியகமாக உள்ளது.

எபெர்னே சிறிய ஊர். திராட்சைத் தோட்டம் ஊர் விளிம்பிலேயே தொடங்கிவிடும். சைக்கிளிலோ காரிலோ கிராமங்களைச் சுற்ற நினைப்பவர்களுக்கு இது பொருத்தம். இரவு எட்டு மணிக்குமேல் ஊர் அடங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டு ஊருக்கும் இடையே ரயிலில் அரை மணி நேரம்தான். எனவே ஒன்றில் தங்கி மற்றதற்குப் போய்வரலாம். இரண்டு இரவுக்கு இரண்டு அறை மாறுவது வேண்டாத வேலை.

தெற்கே ஓப் மாவட்டத்தில் கோத் தெ பார் என்றொரு பகுதி உண்டு. த்ருவா என்ற பழைய மரவீட்டு நகரம்தான் அதற்கு வாசல். 1911 இல் இந்தப் பகுதியை ஷாம்பெயின் எல்லைக்குள் சேர்ப்பதா கூடாதா என்று கலவரமே நடந்தது. அங்கே கூட்டம் குறைவு, விவசாயிகள் தாராளமாகப் பேசுவார்கள். ஆனால் ரான்ஸிலிருந்து 120 கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாள் பயணத்தில் அதைச் செருகினால் பாதி நேரம் சாலையில் போய்விடும். இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில்

பாரிஸில் கார் தெ லெஸ்த் நிலையத்திலிருந்து ரான்ஸுக்கு அதிவேக ரயில் 46 நிமிடம். டிக்கெட்டில் ஊர்ப்பெயர் ஆர்-ஈ-ஐ-எம்-எஸ் என்றிருக்கும். ரீம்ஸ் என்று கேட்டால் உள்ளூர்க்காரருக்குப் புரியாமல் போகலாம். எபெர்னேக்கு வட்டார ரயில், ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அதிவேக ரயிலின் விலை நாள் நெருங்க நெருங்க ஏறும், வட்டார ரயிலுக்கு இருக்கை முன்பதிவு தேவையில்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. ரான்ஸுக்கு இரண்டு நிலையங்கள் உண்டு. ரான்ஸ் நிலையம் நகரின் நடுவில் இருக்கிறது. ஷாம்பெயின்-அர்தென் நிலையம் ஊருக்குத் தெற்கே பெஸான் என்ற இடத்தில் வயல்வெளியில் இருக்கிறது. ஷார்ல் தெ கோல் விமான நிலையத்துக்குள்ளிருந்தே அரை மணி நேரத்தில் வரும் நேரடி ரயில்கள் இந்த இரண்டாவது நிலையத்தில்தான் நிற்கும். அங்கே இறங்கினால் டிராமிலோ வட்டார ரயிலிலோ நகருக்குள் வரலாம். விமானம் காலையில் இறங்குமானால் பாரிஸுக்குள் போகாமலேயே இப்படி வந்துவிடுவது நல்லது. ஆனால் அந்த நேரடி ரயில்கள் நாளொன்றுக்குச் சிலதான். விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையே குறைந்தது இரண்டரை மணி நேரம் விடுங்கள்.

பாரிஸ் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வசதி: கார் தெ லெஸ்த்திலிருந்து லா ஷப்பேல் தமிழ்க் கடைத்தெரு நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அங்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறலாம். சைவர்கள் இதைத் தவறவிட வேண்டாம், காரணம் பிறகு வருகிறது.

நிலவறைக்குள் போகுமுன்: இரண்டு நிமிடப் பாடம்

வழிகாட்டி வேகமாகச் சொல்லிக்கொண்டு போவார். அடிப்படை தெரிந்திருந்தால் பின்தொடர எளிது. முக்கியமான திராட்சை மூன்று: பினோ நுவார், மெனியே, ஷார்தொனே. முதலிரண்டும் கருந்திராட்சை. ஆனாலும் மெதுவாகப் பிழிந்தால் சாறு வெளிறியே வரும். 4,000 கிலோ திராட்சையிலிருந்து 2,550 லிட்டர் சாறுக்குமேல் எடுக்க விதி அனுமதிப்பதில்லை. சாறு முதலில் சாதாரண ஒயினாகப் புளிக்கும். பல தோட்டங்களின், பல ஆண்டுகளின் ஒயினைக் கலந்து பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்கு 20 முதல் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடுவார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று வாயு விடும். வெளியேற வழியில்லாத வாயு ஒயினுக்குள்ளேயே கரைந்து, பாட்டிலுக்குள் 5 முதல் 6 பார் அழுத்தம் ஏறும். கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆண்டு குறிக்காத பாட்டில் குறைந்தது 15 மாதமும், ஆண்டு குறித்தது 36 மாதமும் நிலவறையில் கிடக்க வேண்டும். செத்த ஈஸ்ட் படிவை, பாட்டிலைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சாய்த்து கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை உறையவைத்துத் திறந்தால், பனிக்கட்டியோடு படிவு பீய்ச்சி வெளியேறும். அந்த இடத்தை நிரப்பச் சேர்க்கும் இனிப்புக் கலவைதான் பாட்டிலின் வகையை முடிவு செய்கிறது.

இந்த இனிப்பு அளவு வாங்கும்போது உதவும். ப்ரூட் நேச்சர் என்றால் லிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே, சர்க்கரை தனியே சேர்ப்பதில்லை. எக்ஸ்ட்ரா ப்ரூட் 6 கிராம் வரை, ப்ரூட் 12 கிராமுக்குள். எக்ஸ்ட்ரா ட்ரை என்பது பெயருக்கு மாறாக ப்ரூட்டைவிட இனிப்பானது, 12 முதல் 17 கிராம். தெமி-செக் 32 முதல் 50 கிராம். முதல்முறை குடிப்பவர்களில் பலருக்கு ப்ரூட் நேச்சர் புளிக்காடியைப் போலத் தோன்றும். அதிலிருந்து தொடங்காதீர்கள்.

பெரிய நிறுவனங்கள்: எதை, எப்படி முன்பதிவு செய்வது

ரான்ஸில் சேன்-நிகேஸ் மேட்டில் பல நிறுவனங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. தேவாலயத்திலிருந்து அரை மணி நேர நடை. இந்த மேட்டுக்கு அடியில், ரோமானியர் காலத்தவை என்று சொல்லப்படும் சுண்ணப்பாறைக் குழிகள் உள்ளன. கட்டடக் கல்லுக்காக மேலே சிறு துளையிட்டுக் கீழே போகப் போக அகலமாக வெட்டிய கூம்புகள் அவை. மழையும் உறைபனியும் பாறையைக் கெடுக்காதபடி அப்படி வெட்டினார்கள். முதல் உலகப் போரில் நகரவாசிகள் இந்த நிலவறைகளில்தான் ஒளிந்து வாழ்ந்தார்கள், பள்ளிகூட நடத்தினார்கள். 2015 இல் இந்த மேடு, எபெர்னேயின் ஷாம்பெயின் நிழற்சாலை, ஓவிலேர்–ஆயி கிராமங்களின் திராட்சைச் சரிவுகள் ஆகியவை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

இந்தக் கூம்புக் குழிகளைப் பார்ப்பதே நோக்கம் என்றால் தெத்தாஞ்ஜே, ருயினார், வெவ் க்ளிக்கோ, பொம்மெரி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ருயினார் 1729 இல் தொடங்கியது, ஷாம்பெயின் நிறுவனங்களில் மிகப் பழையது. குழிகள் 38 மீட்டர் வரை ஆழம், கட்டணமும் அதற்கேற்ப அதிகம். தெத்தாஞ்ஜேயில் குழிகளோடு இடிந்துபோன சேன்-நிகேஸ் மடத்தின் நிலவறையும் சேர்ந்து வரும், வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு அதுதான். பொம்மெரியில் 116 படி இறங்கி, 116 படி ஏற வேண்டும். உள்ளே தற்காலக் கலைப்பொருள்கள் வைத்திருப்பார்கள். அது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு எரிச்சல் தரும். மம் என்ற நிறுவனம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் ரயில் ஏறுமுன் பார்த்துவிடலாம். ஆனால் கூம்புக் குழிகள் அங்கே இல்லை.

எபெர்னேயில் ஷாம்பெயின் நிழற்சாலை ஒரு கிலோமீட்டர் நீளம், அதற்கு அடியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். 1743 இல் தொடங்கிய மோயெத் எ ஷாந்தோனுக்கு மட்டும் 28 கிலோமீட்டர். சுற்றுலா நேர்த்தியாக இருக்கும், கூட்டமும் இருக்கும். மெர்சியே நிறுவனம், நிலவறைக்குள் ஓடும் சிறு ரயிலுக்குப் பெயர்போனது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர்களுக்கு நடையை மிச்சப்படுத்தும். த கஸ்தெலான் நிறுவனத்தில் 66 மீட்டர் கோபுரம் உண்டு, 237 படி. மேலே ஏறினால் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். நிழற்சாலையில் பல நிறுவனங்களின் முற்றங்களில் சுற்றுலா இல்லாமல் கிளாஸ் கணக்கில் வாங்கிக் குடிக்கலாம். முன்பதிவு கிடைக்காதவர்களுக்கு இதுவே நல்ல மாற்று.

பொல் ரொஜே, க்ருக், பொலாஞ்ஜே, லூயி ரொதெரர் ஆகியவை பொதுமக்களுக்கு வழக்கமான சுற்றுலா நடத்துவதில்லை. வாசலில் போய் நின்று பயனில்லை.

முன்பதிவு செய்யும் முறை: நிறுவனத்தின் சொந்த இணையதளத்தைத் திறந்து, முதலில் அந்த மாதம் திறந்திருக்கிறார்களா என்று பாருங்கள். சீரமைப்புக்காக மாதக்கணக்கில் மூடுவது இங்கே சாதாரணம். பிறகு ஆங்கிலச் சுற்றுலாவுக்கான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பிரெஞ்சு நேரங்கள் கடைசிவரை காலியாக இருக்கும், ஆங்கில நேரங்கள்தான் முதலில் தீரும். வார இறுதி என்றால் ஆறு வாரம் முன்பு, வாரநாள் என்றால் மூன்று வாரம் முன்பு எடுத்துவிடுங்கள். அடிப்படைச் சுற்றுலா பெரும்பாலும் 25 முதல் 40 யூரோ, கூடுதல் கிளாஸ், பழைய ஆண்டு ஒயின் என்று சேரச் சேர ஏறும். அடிப்படையே போதும். விலையுயர்ந்த சுற்றுலாவிலும் நிலவறை அதேதான், கையில் வரும் கிளாஸ்தான் மாறும்.

காலை 10 மணிச் சுற்றுலா மிகச் சிறந்தது. நாக்கு தெளிவாக இருக்கும், குழு சிறியது. கீழே ஆண்டு முழுதும் 10 முதல் 12 டிகிரி. வெளியே 32 டிகிரி வெயில் இருந்தாலும் கையில் ஸ்வெட்டர் வேண்டும். தரை ஈரமாக வழுக்கும், செருப்பு வேண்டாம். குழந்தை வண்டியை உள்ளே விடமாட்டார்கள். 18 வயதுக்குக் கீழானவர்கள் சுற்றிப் பார்க்கலாம், சுவைக்கத் தரமாட்டார்கள். வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு போகாதீர்கள். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் ஒயினின் மணம் தெரியாமல் போகும்.

சிறு விவசாயக் குடும்பங்கள்

பயணத்தில் நினைவில் நிற்பது பெரும்பாலும் இந்தப் பகுதிதான். ஆனால் இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரிய நிறுவனத்தின் வேலை ஒவ்வோர் ஆண்டும் ஒரே சுவையைக் கொண்டுவருவது. விவசாயியின் பாட்டிலில் ஒரு கிராமம், சில சமயம் ஒரே ஒரு தோட்டம் இருக்கும். காலையில் அதையும் மாலையில் இதையும் சுவைத்தால் வேறுபாடு நாக்கிலேயே தெரியும். வேறு வகுப்பு தேவையில்லை.

யார் விவசாயி என்று பாட்டிலே சொல்லும். லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இரண்டு எழுத்துகள் இருக்கும். ஆர்.எம் என்றால் தன் தோட்டத்துத் திராட்சையில் தானே தயாரிப்பவர். என்.எம் என்றால் திராட்சையை விலைக்கு வாங்கித் தயாரிக்கும் நிறுவனம். சி.எம் என்றால் கூட்டுறவுச் சங்கம். எம்.ஏ என்றால் யாரோ தயாரித்ததற்குக் கடைக்காரர் வைத்த பெயர்.

எந்தக் கிராமம்? ஷார்தொனே மட்டும் பிடிக்குமென்றால் எபெர்னேக்குத் தெற்கே கோத் தெ ப்ளான்: க்ரமான், அவிஸ், ஓஜே, லெ மெனில்-சூர்-ஓஜே. நான்கும் கிராண்ட் க்ரூ என்ற உயர்தர வகைக் கிராமங்கள். மொத்தமே 17 கிராமங்களுக்குத்தான் அந்தத் தகுதி. கனமான, சிவப்புப் பழ மணமுள்ள ஒயின் வேண்டுமென்றால் ரான்ஸ் மலைப் பகுதியில் பூஸி, அம்பொனே, வெர்ஸெனே. வெர்ஸெனேயில் கடலே இல்லாத இடத்தில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1909 இல் ஒரு ஷாம்பெயின் வணிகர் விளம்பரத்துக்காகக் கட்டியது. இப்போது அருங்காட்சியகம், மேலே ஏறினால் கொடிவரிசைகள் விரிந்து கிடக்கும். எளிதாகக் குடிக்கக்கூடிய மெனியே ஒயினுக்கு எபெர்னேக்கு மேற்கே மார்ன் பள்ளத்தாக்கு.

சந்திப்பு இல்லாமல் போகாதீர்கள். அங்கே வரவேற்பாளர் என்று ஒருவர் கிடையாது. கதவைத் திறப்பவர் அப்போதுதான் டிராக்டரிலிருந்து இறங்கி வந்திருப்பார். இரண்டு மூன்று வாரம் முன்பு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் ஐந்து செய்திகள் போதும்: எத்தனை பேர், எந்த நாள், எந்த நேரம் (மாற்று நேரமும் சேர்த்து), ஆங்கிலம் முடியுமா, எந்த வண்டியில் வருகிறீர்கள். மொழிபெயர்ப்புச் செயலி கொண்டு பிரெஞ்சில் எழுதினால் பதில் வரும் வாய்ப்பு கூடும். ஐந்து நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போங்கள். ஆகவே கிராமத்துக்கு மூன்று பெயராவது வைத்துக்கொள்வது நல்லது. எபெர்னே, ரான்ஸ் சுற்றுலா அலுவலகங்களில் பார்வையாளரை ஏற்கும் குடும்பங்களின் பட்டியல் கிடைக்கும்.

நேரம் காலை 10:30 அல்லது பிற்பகல் 2:30. பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை சாப்பாட்டு நேரம், அதில் யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது. போனதும் எதையும் கேட்குமுன் ‘போன்ஜூர்’ சொல்லுங்கள். சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வருவதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். சிலர் 10 முதல் 20 யூரோ வாங்குவார்கள். இலவசமாக ஊற்றினால் தலைக்கு ஒரு பாட்டிலாவது வாங்குவது முறை. பாட்டில் விலை பெரிய பெயர்களில் பாதி அளவுக்கே இருப்பது வழக்கம். பேரம் பேசாதீர்கள்.

வண்டி

பிரான்ஸில் ஓட்டுநரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை. புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2. சுவைக்க ஊற்றும் மூன்று சிறு கிளாஸை விழுங்கினாலே பலருக்கு இந்த எல்லை நெருங்கிவிடும், வெறும் வயிறு என்றால் இன்னும் சீக்கிரம். கிராமச் சாலைகளில் போலீஸ் நிறுத்திச் சோதிப்பது சகஜம். ஓட்டுபவர் விழுங்கக்கூடாது என்பதுதான் நடைமுறைக்கு ஒத்த ஒரே விதி. மேசையில் துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருப்பார்கள். தொழில்காரர்கள் எல்லாரும் துப்புகிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கார் எடுப்பதானால் ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். கியர் மாற்றும் கார்தான் வழக்கம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே குறிப்பிட வேண்டும். வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: பலகை எதுவும் இல்லாத கிராமச் சந்திப்புகளில் வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. நீங்கள் பெரிய சாலையில் போனாலும் நின்று வழிவிட வேண்டும்.

கார் இல்லாமலும் நன்றாகச் சுற்றலாம். ரான்ஸ்–எபெர்னே வட்டார ரயில்களில் சில ரிலி-லா-மொந்தாஞ், ஆயி போன்ற திராட்சைக் கிராமங்களில் நிற்கும். ஆயியில் நிலையத்துக்கு அருகிலேயே தயாரிப்பாளர்கள் நெருக்கமாக இருக்கிறார்கள். பிரெசோரியா என்ற காட்சியகமும் 2021 இலிருந்து அங்கே இருக்கிறது. எபெர்னேயில் மின்சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். மார்ன் ஆற்றையும் கால்வாயையும் ஒட்டிய பாதை சமதரை. ஓவிலேருக்கு ஏறும் கடைசிப் பகுதி செங்குத்து, அங்கேதான் மோட்டார் உதவும். சைக்கிளுக்கும் மது விதி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

மூன்று நாள் மாதிரி

வியாழன் முதல் சனி வரை வைத்தால் எல்லாம் திறந்திருக்கும்.

முதல் நாள், ரான்ஸ்: பத்து மணிக்குள் வந்து சேர்ந்து, பையை அறையில் வைத்துவிட்டுத் தேவாலயம். சாப்பாட்டுக்குப் பின் 2:30க்கு சேன்-நிகேஸ் மேட்டில் ஒரு நிலவறை. அதன்பின் பக்கத்திலுள்ள சேன்-ரெமி. அன்று ஒரே ஒரு சுற்றுலா போதும், விமானக் களைப்பும் ஷாம்பெயினும் சேர்ந்தால் ஆறு மணிக்கே தூக்கம் வரும்.

இரண்டாம் நாள், கிராமங்கள்: எபெர்னேக்கு ரயில், மின்சைக்கிள். காலையில் ஓவிலேர். 1668 முதல் அங்குள்ள மடத்தின் பண்டகக் காப்பாளராக இருந்து 1715 இல் இறந்த துறவி தோம் பெரிஞோனின் கல்லறை அங்கே தேவாலயத்துக்குள் இருக்கிறது. நுரையைக் கண்டுபிடித்தவர் அவர் என்று எங்கும் சொல்வார்கள், அது உண்மையல்ல. அவர் திறமை பல தோட்டத் திராட்சைகளைக் கலப்பதில் இருந்தது. நுரை அந்தக் காலத்தில் ஒரு குறையாகவே கருதப்பட்டது. இறங்கி ஆயி, மதியச் சாப்பாடு, 2:30க்கு ஒரு விவசாயக் குடும்பம். மாலை எபெர்னே நிழற்சாலையில் ஒரு நடை.

மூன்றாம் நாள்: கோத் தெ ப்ளான் போவதானால் வாடகைக் கார், அல்லது ஓட்டுநரோடு அரைநாள் சிற்றுந்துச் சுற்றுலா. அவிஸில் காலை 10:30க்கு ஒரு குடும்பம். பிற்பகல் எபெர்னேயில் ஒரு பெரிய நிறுவனம், ஐந்து மணிக்குமேல் பாரிஸ் ரயில். அதற்குமுன் ஒரு மணி நேரம் காலியாக விடுங்கள். பேச்சு நீளும்.

சாப்பாடு

வெறும் வயிற்றோடு சுவைக்கப் போகக்கூடாது. காலையில் ரொட்டி, முட்டை, வெண்ணெய் என்று கொழுப்போடு சாப்பிடுங்கள். உணவகங்கள் 12 முதல் 1:30 வரை மட்டுமே மதிய உணவுக்கு ஆள் எடுக்கும். இரண்டு மணிக்குப் போனால் சமையலறை மூடியிருக்கும். திங்கட்கிழமை பல கடைகள் இல்லை. சைவர்களுக்குக் கிராமங்களில் உண்மையிலேயே சிரமம். காய்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கும், சாலட்டில் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும். முந்தைய நாளே உணவகத்துக்குச் சொல்லிவையுங்கள், அல்லது ரான்ஸின் பூலாங்ரேன் சந்தையில் புதன், வெள்ளி, சனி நாள்களில் ரொட்டி, பழம், ஷவூர்ஸ் பாலாடைக்கட்டி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரான்ஸின் இளஞ்சிவப்பு பிஸ்கட்டை ஷாம்பெயினில் நனைத்துத் தின்பது வழக்கம். தனியாகக் கடித்தால் காய்ந்துதான் இருக்கும்.

பாட்டிலை ஊருக்குக் கொண்டுவருவது

இந்தியாவுக்குள் ஒருவர் சுங்க வரியின்றிக் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர் மது. 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் 1.5 லிட்டர், சிக்கலில்லை. மூன்றாவது சேர்ந்தால் 2.25 லிட்டர், எல்லை தாண்டியாயிற்று. கூடுதலுக்கு வரி கடுமை. ஷாம்பெயின் பாட்டிலின் கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கத் தடித்தது. காலிப் பாட்டிலே 835 கிராம், நிறைந்தது 1.6 கிலோ. பெட்டியின் எடைக் கணக்கில் இதை முன்பே கழித்துக்கொள்ளுங்கள்.

கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் செல்லாது என்பதால் பெட்டிக்குள்தான் போக வேண்டும். விமானத்தில் பாட்டில் வெடிக்குமா என்று பலரும் பயப்படுகிறார்கள். சரக்கறையும் பயணிகள் அறையைப் போலவே காற்றழுத்தம் நிலைநிறுத்தப்பட்டது. உள்ளே 6 பார் தாங்கும் பாட்டிலுக்கு அந்தச் சிறு வேறுபாடு பொருட்டே இல்லை. உடைவது தூக்கி எறிவதால்தான். ஒவ்வொன்றையும் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, துணியால் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். இரண்டு பாட்டில்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது, சக்கரத்துக்கு அருகில் கழுத்து வரக்கூடாது. விமான நிலைய வரியில்லாக் கடையில் வாங்கி, வழியில் வேறு நாட்டில் விமானம் மாறுகிறீர்கள் என்றால், முத்திரையிட்ட பையையும் ரசீதையும் சென்னையில் இறங்கும்வரை பிரிக்காதீர்கள். பிரித்தால் அடுத்த சோதனையில் பறிமுதல்.

ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் விற்பனை வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். கடையில் பணம் கட்டும்போதே கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் கேட்க வேண்டும், பிறகு கேட்டால் தரமாட்டார்கள். பெரிய நிறுவனக் கடைகளில் இந்த ஏற்பாடு இருக்கும், சிறு விவசாயிகளிடம் பெரும்பாலும் இருக்காது. ஷார்ல் தெ கோலிலிருந்து நேரே ஒன்றியத்தை விட்டு வெளியேறுகிறீர்கள் என்றால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்குமுன் பாப்லோ என்ற இயந்திரத்தில் படிவத்தைக் காட்டுங்கள். பச்சை வந்தால் முடிந்தது. சிவப்பு வந்தால் பக்கத்திலுள்ள சுங்க அதிகாரியிடம் போக வேண்டும். அவர் பாட்டிலைக் காட்டச் சொல்லலாம். பெட்டி அதற்குள் போய்விட்டிருந்தால் பணமும் போனதுதான்.